மூன்றாம் கியரில் ஒரு குற்றவாளி

அத்தியாயம் 3

தீர்ப்பு காலை பதினொன்றரைக்கே வெளியாகிவிட்டது. துப்பறிய ஓர் ஆள் வேண்டும் என்ற எண்ணம் ஜகந்நாதனுக்கு மதியம் ஒரு மணிக்குத்தான் தோன்றியது.

மாட்டுங்காவில் அவருடைய மூன்றாவது மாடி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அந்தத் தீர்ப்பை அவருடைய போனிலேயே பஞ்சு படித்தான். நான்கு கட்டடங்களுக்கும் பொதுவான வாட்ஸ்அப் குழு அது. உறுப்பினர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர்.

‘எங்கள் டிரைவர் இசக்கிராஜ், நாங்கள் புதிதாக வாங்கிய பழைய காரின் கியர்பாக்ஸை முரட்டுத்தனமாக ஓட்டிக் கெடுத்துவிட்டான். இன்று மாலை ஐந்து மணியோடு அவனை நிறுத்துகிறோம். வேறு யாரும் இவனை வேலைக்கு வைக்க வேண்டாம்.’

அதன் கீழே முப்பத்தேழு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். ஒருவர் பேத்தியின் பிறந்தநாள் கேக்கைப் போட்டிருந்தார். அதற்கும் ஒன்பது கட்டைவிரல்கள் விழுந்திருந்தன.

“ரொம்ப அழகா எழுதியிருக்கேள் சார்,” என்றான் பஞ்சு. “சாட்சி கிடையாது, விசாரணை கிடையாது, நேரா தண்டனை. ஹைகோர்ட்டுக்கு ஒரு காப்பி அனுப்பினா அவாளும் கத்துப்பா.”

ஜகந்நாதன் அதைப் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டார். முப்பத்திரண்டு வருடம் ஆபீசில் சர்க்குலர் எழுதி ஓய்வு பெற்றவர். சர்க்குலரை முழுதாகப் படித்து அபிப்பிராயம் சொன்ன முதல் மனிதன் பஞ்சுதான்.

பஞ்சுவின் முதலாளி கனகவள்ளி சிரிக்கவில்லை. வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருபத்திரண்டு வருடம், உடைந்த பம்பர்களையும் உடையாத பொய்களையும் பார்த்துச் சலித்தவள். இப்போது தாராவி தொண்ணூறடி சாலையில், ஒரு தோல் பைக் கடைக்கு மேல் சொந்த ஆபீஸ். ‘பழைய கார் பரிசோதனை மற்றும் துப்பு’ என்று போர்டு. பஞ்சு அங்கே உதவியாளன், குமாஸ்தா, டீ வாங்குபவன், வயது முப்பத்தெட்டு.

“டிரைவர்தான் கெடுத்தான்னு நீங்களே முடிவு பண்ணியாச்சு,” என்றாள் கனகவள்ளி. “அப்புறம் எங்கள எதுக்குக் கூப்பிட்டீங்க?”

ஜகந்நாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அதுல ஒரு சின்ன சிக்கல்.”

சின்ன சிக்கலின் பெயர் மகேஷ்குமார். செம்பூரில் பழைய கார் விற்பவன். ஏழு வாரத்துக்கு முன்னால் காரை விற்றபோது கியர்பாக்ஸுக்கு ஆறு மாத வாரண்டி கொடுத்திருந்தான். அவனுடைய மச்சினன் பி கட்டடத்தில் இரண்டாவது மாடி. தீர்ப்பு குழுவில் விழுந்த கால் மணி நேரத்தில் அது செம்பூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த நிமிடமே மகேஷ்குமார் போன் செய்து மிகுந்த மரியாதையோடு பேசினான்: சார், டிரைவர் கெடுத்தார்னு நீங்களே எழுதியிருக்கீங்க, டிரைவர் கெடுத்தா வாரண்டி கிடையாது, அவ்வளவுதான், விஷயம் முடிஞ்சுது.

பஞ்சு நோட்டைத் திறந்தான். “சரியா எழுதிக்கறேன் சார். கியர்பாக்ஸை டிரைவர் கெடுத்தான்னு மாட்டுங்காவுல இருக்கணும். கெடுக்கலேன்னு செம்பூர்ல இருக்கணும்.”

“அதேதான்,” என்றார் ஜகந்நாதன். தன்னைப் புரிந்துகொள்ள உலகத்தில் ஓர் ஆள் கிடைத்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

“வண்டி என்ன பண்ணுது, அதச் சொல்லுங்க,” என்றாள் கனகவள்ளி.

காப்பியோடு வந்த அவர் மனைவி நாகலக்ஷ்மி பதிலைத் தானே எடுத்துக்கொண்டாள். “வேகம் குறையறச்சே, மூணாவது கியர்லேர்ந்து ரெண்டுக்கு இறங்கறது பாருங்கோ, அப்போ பின்னாலேர்ந்து லாரி இடிச்சாப்ல ஒரு குத்து. போன வாரம் என் பல்லு ஆடித்து. இந்தப் பக்கத்துப் பல்லு.”

“எப்ப ஆரம்பிச்சுது?”

“மொதல் ரெண்டு வாரம் இவர்தான் ஓட்டினார். வெண்ணெய் மாதிரிப் போச்சு. அப்புறம் இவருக்குக் கண்ணுல ஆபரேஷன். மூணாவது வாரம் இசக்கி வந்தான். அவனோடவே குத்தும் வந்தது.”

“சார் அதுக்கப்புறம் ஓட்டவே இல்லையா?”

“டாக்டர் சரின்னுட்டார். போன வாரம் ரெண்டு தடவை ஓட்டினேன்,” என்றார் ஜகந்நாதன். “வெண்ணெய்.”

வழக்கு முடிந்துவிட்டது என்றுதான் பஞ்சுவுக்குத் தோன்றியது. ஒரே வண்டி, ஒரே ரோடு. ஒருத்தன் ஓட்டினால் வெண்ணெய், இன்னொருத்தன் ஓட்டினால் குத்து. இதற்கு இன்ஷூரன்ஸ் மூளை எதற்கு?

நாகலக்ஷ்மி போனை நீட்டினாள். பின் சீட்டில் உட்கார்ந்து இசக்கிராஜுக்குத் தெரியாமல் எடுத்த மூன்று வீடியோக்கள். தேதியும் கிழமையும் சொல்லித்தான் ஒவ்வொன்றும் தொடங்கியது. கனகவள்ளி மூன்றாவதை மூன்று முறை பார்த்தாள். பிறகு ஓர் இடத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, பஞ்சுவிடம் காட்டினாள்.

“ஸ்பீடு காட்டுற எடத்துல என்ன இருக்கு?”

“டி 3, மேடம்.”

“குத்து விழுந்த பொறவு?”

“எம் 2.”

“எழுதும்.”

பஞ்சு எழுதினான். மூன்று போய் இரண்டானது அவனுக்கும் புரிந்தது. எழுத்து எதற்கு மாறியது என்று கேட்க நினைத்தான். தெரியாததைக் கேட்டால் கனகவள்ளி ஒரு பார்வை பார்ப்பாள், அது காப்பி குடித்த வயிற்றுக்கு ஆகாது.

லிஃப்டில் இறங்கும்போது அவளே கொஞ்சம் சொன்னாள். “இது ரெட்டைக் கிளட்ச் வண்டி வே. ஒரு கிளட்ச் ஒண்ணு, மூணு, அஞ்சப் பாத்துக்கிடும். இன்னொண்ணு ரெண்டு, நாலு, ஆறு. நீரு மூணுல போகும்போதே, அடுத்தது என்னன்னு அது முன்கூட்டி எடுத்து வச்சிருக்கும்.”

“எங்காத்து மாமி மாதிரி. நான் வாயத் திறக்கறதுக்குள்ள பதில் ரெடியா இருக்கும்.”

“அந்த மாமி நாலாம் கியர எடுத்து வச்சிட்டு நிக்கும்போது, திடீர்னு ரெண்டக் குடுன்னு கேட்டா என்ன ஆவும்?”

“தட்டு பறக்கும்.”

“அதான் குத்து,” என்றாள் கனகவள்ளி. “யாரு கேக்காங்கறதுதான் கேள்வி.”

கீழே, கட்டட வாசலில், இசக்கிராஜ் காரின் பின்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னும் மூன்று மணி நேரத்தில் தன்னைத் துரத்தப்போகிற வீட்டின் கார். அதில் ஒரு காக்கை எச்சம்கூட இருக்கக் கூடாது என்பதுபோலத் துடைத்தான். முப்பது வயது இருக்கும். ஆண்டாப் ஹில்லில் வீடு.

“என்ன இசக்கி, எந்த ஊருக்காரவிய?” என்றாள் கனகவள்ளி.

“வள்ளியூர்ப் பக்கம்க்கா. நான் பொறந்தது இங்கனதான்.”

“குரூப்ல போட்டத பாத்தியா?”

“நான் பாக்கலக்கா. வாட்ச்மேன் வாசிச்சுக் காமிச்சான். சி பில்டிங்லயும் டி பில்டிங்லயும் ஞாயித்துக்கிழமைக்கு என்னத்தான் கூப்பிடுவாவ. ரெண்டு பேரும் போன் பண்ணி வராதன்னுட்டாவ.” அவன் துணியை நான்காக மடித்தான். “முரட்டுத்தனமா ஓட்டுனேன்னு சொன்னா, இந்த நாலு பில்டிங் மட்டும் இல்லக்கா, மாட்டுங்கா முழுக்க ஒருத்தனும் சாவியக் குடுக்க மாட்டான். எனக்கு வேற தொழிலும் தெரியாது.”

கேலி ஏதாவது சொல்ல வாயைத் திறந்த பஞ்சு, நோட்டைத் திறந்து ‘சி, டி’ என்று எழுதிக்கொண்டான்.  

“குத்து எங்கன விழுது?”

“திருப்பத்துலதான்க்கா. ஃப்ரீவேயில ஒரு மணி நேரம் ஓட்டுங்க, சத்தமே இருக்காது. கிங்ஸ் சர்க்கிள் வந்து ஸ்டியரிங்க ஒடிச்சா, ஒரே குத்து. நான் ரெண்டு தடவ சார்ட்ட சொன்னேன். ‘நீ ஓட்டறது அப்படி’ன்னாவ.”

கனகவள்ளி சாவியை வாங்கினாள். “மொதல்ல நான்.”

அவள் ஓட்டினாள். பக்கத்தில் ஜகந்நாதன், பின்னால் பஞ்சுவும் இசக்கிராஜும். வலது முழங்கை ஜன்னலில், இடது கை ஸ்டியரிங்கின் உச்சியில். கிங்ஸ் சர்க்கிளை இரண்டு சுற்று சுற்றினாள். வடாலா போகிற பஸ் ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தாள். கார் வெண்ணெயில் இறங்கிய கத்திபோல வேகம் குறைந்து நின்றது.

“பார்த்தேளா,” என்றார் ஜகந்நாதன். சொன்னபிறகுதான் அவருக்கு உறைத்தது. கியர்பாக்ஸில் கோளாறு இல்லையென்றால் டிரைவர்மேல் குற்றம், டிரைவர்மேல் குற்றமென்றால் வாரண்டி இல்லை. வெற்றியும் தோல்வியும் ஒரே முகத்தில் எப்படி உட்காரும் என்பதை அன்றுதான் பஞ்சு பார்த்தான்.

“இசக்கி, நீ வா.”

இசக்கிராஜ் உட்கார்ந்தான். கண்ணாடிகளைச் சரிபார்த்தான். பெல்ட் போட்டான். இரண்டு கைகளையும் வைத்து, யாரோ தூங்கிக்கொண்டிருக்கும் அறைக்குள் நுழைவதுபோலக் காரை நகர்த்தினான். முதல் திருப்பத்திலேயே குத்து விழுந்தது. பஞ்சுவின் நோட்டு மடியிலிருந்து கீழே போனது.

“மேடம்,” என்றான் பஞ்சு மெதுவாக. “இவனை நான் நம்பணும்னு பார்க்கறேன். வண்டி விடமாட்டேங்கறது.”

இசக்கிராஜ் காரை ஓரமாக நிறுத்தினான். யாரையும் பார்க்கவில்லை. கனகவள்ளியும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்வை ஸ்டியரிங்கில் இருந்த அவன் கைகளில் இருந்தது.

“பஞ்சு, நான் ஓட்டும்போது கைய எப்படி வச்சிருந்தேன்?”

“ஒத்தைக் கை மேல. மத்தது ஜன்னல்ல. தாதர் டாக்சி ஸ்டாண்டுல வண்டிய ஒப்படைச்சா நீங்கதான் சங்கத் தலைவர்.”

“சாரு எப்படி ஓட்டுவீங்க?”

“நானா?” ஜகந்நாதன் வலது கையைக் காற்றில் பன்னிரண்டு மணிக்கு உயர்த்தினார். இடது கை தானாகவே இல்லாத கியர்க் கம்பியைத் தேடிப் போனது. “நாப்பது வருஷப் பழக்கம். இந்தக் கைக்கு இப்போ வேலை இல்லை. ஆனாலும் அங்கதான் இருக்கும்.”

“பஞ்சு, உமக்கு லைசென்ஸ் இருக்கா?”

“லேர்னர்ஸ் இருக்கு. மூணாவது தடவை எடுத்தது.”

“ஏறும்.”

“மேடம், இது அவா கார்.”

“கெட்டுப்போன கார்தானே. நீரு இன்னும் என்னத்தக் கெடுக்கப்போறீரு?”

பஞ்சு பையிலிருந்து சிவப்பு ‘எல்’ ஸ்டிக்கர்களை எடுத்து முன்னும் பின்னும் ஒட்டினான். டிரைவிங் ஸ்கூல் பாடத்தை மனதுக்குள் ஒப்பித்தான்: இடது கை ஒன்பது மணி, வலது கை மூன்று மணி, முதுகு நேர். ஜகந்நாதன் பின் சீட்டில் உட்கார்ந்து மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். நாற்பது வருடத்தில் அவர் இரண்டு கையையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்தியது அப்போதுதான்.

ஐந்து தோட்டங்கள் என்கிற பூங்காப் பகுதியின் வளைவை நோக்கிக் கார் போனது. வேகம் இருபத்திரண்டு. சைக்கிளில் இட்லி விற்பவர் ஒருவர் மணி அடித்து முந்திக்கொண்டு போனார். பஞ்சு வளைவில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து இடது பக்கம் ஒடித்தான்.

குத்து விழுந்தது.

 முப்பத்தெட்டு வருட வாழ்க்கையில் பஞ்சுவை முரடன் என்று எவரும் சொன்னதில்லை. மாமனார்கூடச் சொன்னதில்லை.

“நான் ஒண்ணும் பண்ணலை,” என்றான்.

“அவனும் அதத்தான் அஞ்சு வாரமாச் சொல்லுதான்,” என்றாள் கனகவள்ளி. “ஓரமா நிறுத்தும். கைய எடுக்காதேயும். பிடிச்சது பிடிச்சபடியே இருக்கட்டும்.”

அவள் குனிந்து பஞ்சுவின் இடது உள்ளங்கைக்குக் கீழே விரலை நுழைத்தாள். ஸ்டியரிங் கறுப்பு. அதில் சுற்றியிருந்த கயிறும் கறுப்பு. ஒன்றல்ல, ஐந்தாறு கயிறுகள், கோயிலில் தருகிற ரட்சைக் கயிறுகள், ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிச் சுண்டுவிரல் கனத்துக்கு இருந்தன. எந்தக் காரில்தான் இல்லை? எல்லோரும் அதைப் பார்த்தார்கள், எல்லோரும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார்கள். பஞ்சுவும் ஏறியவுடன் போட்டிருந்தான்.

கயிறு ஸ்டியரிங்கின் இடது கம்பியைச் சுற்றி, பின்பக்கம் போனது. பின்னால் காது மடல்போல ஒரு சின்ன நெம்புகோல் நீட்டிக்கொண்டிருந்தது. முடிச்சு அதில்தான் இருந்தது.

“சார், இது என்ன தெரியுமா?”

“அது... ஏதோ டிசைன்னு நெனைச்சேன்,” என்றார் ஜகந்நாதன்.

“வலப்பக்கம் ஒண்ணு இருக்கு, இழுத்தா கியர் ஏறும். இது இழுத்தா இறங்கும். ஆட்டோமேட்டிக்ல போய்க்கிட்டே இருக்கும்போது, ‘இப்ப நான் சொல்லுததக் கேளு’ன்னு டிரைவர் வண்டிக்குச் சொல்லுத எடம். அப்படிச் சொன்னா டி போயி எம் வரும். உங்க வீட்டம்மா எடுத்த வீடியோவுல வந்துச்சே, அது.” அவள் பஞ்சுவின் கையைக் கயிற்றின்மேல் அழுத்தினாள். பின்னால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். “வளைவுல கை இறுகும். கை இறுகுனா கயிறு இழுக்கும். கயிறு இழுத்தா, மேல போக நிக்கிற வண்டியக் கீழ வாங்குது. கியர்பாக்ஸ் கெடல சார். சொன்னதச் செய்யுது.”

“அப்போ எனக்கு ஏன்...”

“நீங்களும் நானும் ஒத்தக் கையில ஓட்டுதோம். புத்தகத்துல போட்டபடி ரெண்டு கையும் வச்சு ஓட்டுனது ரெண்டே பேரு. ஒருத்தரு லேர்னர்ஸ். இன்னொருத்தன முரடன்னு நீங்க குரூப்ல போட்டாச்சு.”

வாசலுக்குத் திரும்பியபோது நாலரை மணி. நாகலக்ஷ்மி கீழே வந்திருந்தாள். கயிற்றைக் காட்டியதும் அவள் முகத்தில் முதலில் வந்தது பெருமைதான்.

“நான்தான் கட்டினேன். இவர் கண்ணு நன்னா ஆகணும்னு, ஆபரேஷன் ஆன வாரத்துலேர்ந்து சனிக்கிழமை சனிக்கிழமை ஒண்ணு. சுத்திச் சுத்தி வழுக்கிண்டே இருந்தது. பின்னால கொக்கி மாதிரி ஒண்ணு இருந்துதா, கயிறு கட்டறதுக்குன்னே வச்சிருக்கான்னு நெனைச்சேன்.”

“ஜெர்மன்காரன் வச்சிருப்பான் மாமி,” என்றான் பஞ்சு. “சனிக்கிழமைக்குன்னு.”

விஷயத்தைக் கனகவள்ளி இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். நாகலக்ஷ்மியின் பெருமை அப்படியே வடிந்தது. அவள் இசக்கிராஜைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த போனை, மூன்று வீடியோ எடுத்த போனை, பார்த்தாள்.

ஜகந்நாதன் கத்தரிக்கோல் கொண்டுவரப் போனார். “வெட்டப்படாது,” என்றாள் அவள். யார் அவிழ்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. இசக்கிராஜே காருக்குள் உட்கார்ந்து, நகத்தால் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தான். பதினைந்து நிமிடம் ஆயிற்று. அவிழ்த்த கயிறுகளைச் சுருட்டி, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான். பிறகு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளை மூன்று சுற்று சுற்றினான். ஒன்பது மணி, மூன்று மணி. வெண்ணெய்.

“ஆக, ப்ராப்ளம் சால்வ்ட்,” என்றார் ஜகந்நாதன், இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டே. “இசக்கி, நாளைக்கு வழக்கம்போல ஏழு மணிக்கு வந்துடு.”

“குரூப்ல போட்டது?” என்றாள் கனகவள்ளி.

“அதெல்லாம் ஜனங்க மறந்துடுவா. நாளைக்கே தண்ணி டேங்க் விஷயம் வரது.”

“சரி. அப்ப என் ரிப்போர்ட்ட மகேஷ்குமாருக்கு அனுப்பிருதேன். கியர்பாக்ஸ் நல்லாருக்கு, காரணம் கயிறுன்னு. அவரு மச்சினர் கால் மணி நேரத்துல குரூப்ல போட்டிருவாரு. தலைப்பு என்ன வைப்பாரோ தெரியாது.”

ஜகந்நாதன் போனை எடுத்தார். ‘முந்தைய தகவல் தொடர்பாக’ என்று அடித்தார். அழித்தார். ‘சில தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று அடித்தார். நாகலக்ஷ்மி அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். மைக் பொத்தானை அமுக்கி வாய்க்கருகில் வைத்துக்கொண்டாள்.

“நான் நாகலக்ஷ்மி பேசறேன், ஏ பில்டிங், மூணாவது மாடி. கார்த்தால இவர் போட்டது தப்பு. கியர்பாக்ஸ் கெடலை. நான் கட்டின கயிறு மாட்டிண்டு இழுத்திருக்கு. இவர் ஒத்தைக் கையால ஓட்டறவர், அதனால இவருக்குத் தெரியலை. இசக்கி ரெண்டு கையாலயும் ஒழுங்கா ஓட்டறான், அதனால அவனுக்கு மட்டும் குத்து. அந்தப் பிள்ளை ரெண்டு தடவை சொல்லியிருக்கான். நாங்க கேக்கலை. தப்பு எங்களது.”

விரலை எடுத்தாள். செய்தி போய்விட்டது. ஜகந்நாதன் கட்டடத்தின் நான்காவது மாடியை, அங்கே ஏதோ முக்கியமான வேலை நடப்பதுபோல, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நிமிடத்தில் போன் சிணுங்கியது. பஞ்சு எட்டிப் படித்தான். “சி பில்டிங் மாமா. ‘ரெண்டு கையாலும் ஓட்டும் டிரைவரா? ஞாயிறு அவசியம் வரச் சொல்லவும்.’” மறுபடி சிணுங்கியது. “டி பில்டிங். ‘ஞாயிறு மட்டும் அல்ல, முழு மாதத்துக்கும் தேவை.’” இன்னொன்று. “இது பி பில்டிங் சார். செம்பூர் மச்சினர். ‘எங்களுக்கும்.’”

ஜகந்நாதன் மாடியிலிருந்து பார்வையை இறக்கினார். குரலில் இருந்த சர்க்குலர் எங்கேயோ போய்விட்டிருந்தது.

“ஏழு மணின்னா சீக்கிரம்தான். நீ ஏழரைக்கே வாயேன் இசக்கி. எட்டுன்னாலும் பரவாயில்லை.”

இசக்கிராஜ் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். அவன் குரலில் கோபம் இல்லை. வேலை கேட்டுப் போன வீடுகளில் இத்தனை வருடமும் அவன் கேட்டுக்கொண்டிருந்த பதில்தான் அது. அவன் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான்.

“வீட்ல கலந்துட்டு, போன் பண்ணுதேன் சார்.”